‘இது விமானம் இல்ல அம்முணி, கிரில் கேட்டு!’ - ஒரு வெள்ளி மிக்-21 செய்த கதை

2025 செப்டம்பர் 26. சண்டிகரில் மிக்-21 போர் விமானங்களுக்குக் கடைசி சல்யூட். 1963-ல் அதே சண்டிகரில் விமானப்படையில் சேர்ந்த விமானம், 62 வருடங்கள் கழித்து அங்கேயே விடைபெற்றது. நான் ஆபீஸில் உட்கார்ந்து ‘லைவ் அப்டேட்’ தட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் குண்டடத்திலிருந்து அப்பாரு போன்.

“டிவில பார்த்தேன் அம்முணி. எல்லாம் சாம்பக் கலரா நிக்குது. எங்க காலத்துல வெள்ளிக் கட்டியாட்டம் இருக்கும்.”

கொங்குப் பக்கம் இல்லாதவர்களுக்கு: அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா. எங்கள் அப்பாரு 1969-ல் விமானப்படையில் சேர்ந்தவர். பைலட் இல்லை. விமானத்தின் உடம்பைக் கழற்றி மாட்டிப் பராமரிக்கும் வேலை. வடக்கே பல ஊர்களில் இருந்துவிட்டு, ரிட்டையர் ஆகி வந்து, முருங்கையும் சின்ன வெங்காயமும் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் இல்லை. வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இடது கண்ணில் விழித்திரைக் கோளாறு; பார்க்கிற பொருளின் நடுவில் ஒரு கறுப்பு. “இருக்கிற பார்வையைக் காப்பாத்தப் பார்க்கலாம். போனது போனதுதான்” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த போன் வந்த ராத்திரியே ஒரு மிக்-21 பிளாஸ்டிக் கிட் ஆர்டர் போட்டேன். இந்தப் பகுதியில் மாதாமாதம் யாரோ ஒருவரின் பொழுதுபோக்கைப் பற்றி எழுதுகிறேன். இந்த முறை என்னுடையது. பள்ளிக்கூடத்தில் நாலைந்து விமானம் ஒட்டிய அனுபவம் இருந்ததால், பொங்கலுக்குள் முடித்து அவர் கையில் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வெள்ளி பெயின்ட்தானே? அடித்தால் ஆயிற்று.

ஆகவில்லை.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தவள், ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ வாங்கிக்கொண்டு தங்கிவிட்டேன். ஒட்டி முடித்த விமானத்துக்கு ஹார்டுவேர் கடையில் ஒரு சின்ன டப்பா அலுமினியம் பெயின்ட் வாங்கி, பிரஷ்ஷால் இரண்டு கோட் அடித்தேன். காய்ந்ததும் அப்பாருவிடம் நீட்டினேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நல்ல கண்ணால் பார்த்தார்.

“இது விமானம் இல்ல அம்முணி. கிரில் கேட்டு.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் கிட் 1/72 அளவு. அதாவது, நிஜத்தில் சுமார் 7.15 மீட்டர் இருக்கிற இறக்கை, இதில் 10 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். எல்லாமே 72 மடங்கு சுருங்கிய உலகத்தில் பெயின்ட் மட்டும் சுருங்காது. 0.1 மில்லிமீட்டர் கனத்துக்கு பிரஷ்ஷால் அப்பினால், நிஜ விமானத்தில் 7 மில்லிமீட்டர் கனத்துக்குச் சாந்து பூசினதற்குச் சமம். தகடும் தகடும் சேருகிற கோடுகள் மூடிப்போகும். தவிர, கேட்டுக்கு அடிக்கிற பெயின்ட்டில் இருக்கும் அலுமினியத் துகள் பெரிசு. வெயிலில் பிடித்தால் ஜிகினா தூவினதுபோல ஒவ்வொன்றாக மினுக்கும். நிஜத் தகட்டில் அப்படி மினுக்கும் துகள் எங்கே இருக்கிறது?

எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க மூன்று நாள்.

மச்சான் கொடுத்த ஐடியா

அத்தை பையன் திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் வேலை செய்கிறான். டி-ஷர்ட்டில் தங்கக் கலரிலும் வெள்ளிக் கலரிலும் பளபளவென்று எழுத்து பார்த்திருப்பீர்களே, அந்த ஃபாயில் பிரிண்ட் போடுகிற இடம். “இதென்ன பெரிய விஷயம், நம்ம சில்வர் ஃபாயில்ல ஒட்டிரலாம். கண்ணாடியாட்டம் வரும்” என்றான். துணியில் பசையை அச்சடித்து, மேலே ஃபாயில் வைத்து, ஃபியூசிங் மெஷினில் சூடாக அமுக்கி, தாளை உரித்தால் வெள்ளி அங்கேயே நிற்கும். துணிக்கு அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. கிட்டில் இருப்பது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். 100 டிகிரி பக்கம் போனாலே இளகிவிடும். நல்லவேளை, விமானத்தில் வைக்காமல், வயிற்றில் தொங்கும் பெட்ரோல் டேங்கில் ஒரு பாதியை மட்டும் வைத்துப் பார்த்தோம். பொரித்த அப்பளம் மாதிரி வெளியே வந்தது. பளபளப்பு என்னவோ பிரமாதம்.

ஆனால் அங்கிருந்து வேறு ஒன்று கிடைத்தது. பனியன் கட்டிங் வேஸ்ட். நல்ல காட்டன் துணியின் மெல்லிய துண்டுகள், ஒரு கட்டைப்பை நிறைய. ஒரு தடவை அலசிக் காயவைத்து எடுத்தால், உலோகப் பூச்சைத் தேய்த்து மெருகேற்ற இதைவிட நல்ல துணி கிடையாது. மாடல் செய்கிறவர்கள் வெளிநாட்டில் காசு கொடுத்து வாங்கும் பாலிஷ் துணி, நம் ஊரில் மூட்டையில் கிடக்கிறது.

அடுத்து சமையலறை. சப்பாத்தி சுற்றும் அலுமினியம் ஃபாயில். இதைச் சிரிப்பாக நினைக்காதீர்கள். உலகம் முழுக்க கைதேர்ந்தவர்கள் செய்கிற முறை இது. நிஜ உலோகத்தைவிட உலோகம் மாதிரி வேறு எது இருக்கும்? மெல்லிய ஃபாயிலைச் சின்னச் சின்னத் தகடாக வெட்டி, மங்கலான பக்கத்திலோ பளபளப்பான பக்கத்திலோ பசை தடவி, தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கத்தாள் ஒட்டுவதுபோல ஒட்டி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். தங்கத்தாள் ஒட்டுவதற்கென்று கைவினைப் பொருள் கடைகளில் விற்கும் பசையே இதற்கும் போதும். பின்னால் பசை தடவியே வரும் ‘பேர் மெட்டல் ஃபாயில்’ என்ற தாளும் ஆன்லைனில் கிடைக்கிறது. தட்டையான இறக்கையில் அருமையாக வந்தது. மூக்குப் பக்கம், உடம்பு இரண்டு திசையிலும் வளைகிற இடத்தில், கசங்கிய பட்டுப்புடவை. மூன்று ஞாயிற்றுக்கிழமை அதோடு மல்லுக்கட்டிவிட்டு, இறக்கையில் சில தகடுகளுக்கு மட்டும் ஃபாயில், மற்றதெல்லாம் ஏர்பிரஷ் என்று முடிவெடுத்தேன்.

வெள்ளிக்கு முன்னால் கறுப்பு

இதுதான் எனக்குத் தெரியாமல் இருந்த ரகசியம். வெள்ளி நன்றாக வர வேண்டுமென்றால் முதலில் கறுப்பு அடிக்க வேண்டும். அதுவும் முகம் பார்க்கிற பளபளப்பில்.

உலோகப் பூச்சுக்கென்று ‘ஆல்கிளாட் 2’ போன்ற லாக்கர்கள் வருகின்றன. மாவைவிட மெல்லிய துகள். அது தனக்கென்று ஒரு மேற்பரப்பை உண்டாக்காது; அடியில் என்ன இருக்கிறதோ அதையே வெள்ளியாக்கிக் காட்டும். அடியில் கண்ணாடி மாதிரி கறுப்பு இருந்தால் மேலே கண்ணாடி மாதிரி உலோகம். அடியில் சொரசொரப்பு இருந்தால் மேலே சொரசொரப்பு. சாதாரண பெயின்ட் ஓட்டை ஒடிசலை மூடும். இது ஊருக்கே சொல்லிவிடும்.

ஆகவே வேலையெல்லாம் பெயின்ட்டுக்கு முன்னால்தான். தாராபுரம் ரோட்டில் கார் டிங்கரிங் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வாட்டர் எமரித் தாள் கொடுத்தார். 1000, அப்புறம் 1500, அப்புறம் 2000. தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும். கடைசியில் பற்பசை வைத்துத் தேய்த்தேன். நான் எங்கள் வீட்டில் கிடந்த வெள்ளைப் பேஸ்ட்டைத்தான் எடுத்தேன். ஜெல் ரகம் வேண்டாம்.

எனக்குக் கோடு எதுவும் தெரியவில்லை. அப்பாரு கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை வால் பக்கமிருந்து மூக்கு வரைக்கும் ஓட்டினார். “இங்க ஒரு கோடு கெடக்குது. இங்க இன்னொண்ணு. முதல் எமரி போட்ட திசையிலயே ரெண்டாவதையும் போட்டிருக்கற. திசையை மாத்தித் தேய்ச்சாத்தான முன்னாடி போட்டது போயிருச்சான்னு தெரியும்?” கறுப்பு அடித்துப் பார்த்தேன். அவர் விரல் வைத்த இரண்டு இடத்திலும் கோடு. அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர் விரல்தான் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன்.

கறுப்பு இரண்டு நாள் நன்றாகக் காய்ந்த பிறகு லாக்கர். கார் டயருக்கு 30 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோம், இதற்கு 12-லிருந்து 15 போதும். பனி மாதிரி மெல்லப் படர வேண்டும். நாலைந்து முறை படர விட்டு, கறுப்பு மறைந்தது என்று தோன்றுகிற அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு கை என்று ஆசைப்பட்டால் மறுபடியும் கிரில் கேட்டு.

ஐப்பசி மழையில் ஒருநாள் அவசரப்பட்டு அடித்தேன். வெள்ளி பால் ஊற்றினதுபோல வெளுத்துவிட்டது. காற்றில் ஈரம் இருந்தால் லாக்கர் அப்படித்தான் செய்யும். வெயில் ஏறின பிறகு, 11 மணிக்கு மேல்தான் அடிக்க வேண்டும் என்று புரிந்தது. இன்னொரு எதிரி பஞ்சு. ஸ்பின்னிங் மில்லும் தறியும் இருக்கிற ஏரியாவில் காற்றில் எப்போதும் ஏதோ ஒரு நூல் பறக்கும். தரையில் தண்ணீர் தெளித்து, கதவைச் சாத்தி, கால் மணி நேரம் எல்லாம் அடங்கட்டும் என்று காத்திருந்து அடித்தேன். நல்லவேளை ஆடி மாதமில்லை. எங்கள் ஊர் ஆடிக்காற்றில் விமானமே பறந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை, முக்கியமாகக் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு. இந்த லாக்கர் வாடை மூளைக்கு ஏறும், தீயும் பிடிக்கும். சமையலறையில் வேண்டவே வேண்டாம். துணி மாஸ்க் போதாது, ரசாயன வாயுவை வடிகட்டும் கேட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். ஜன்னல் திறந்த அறையில், ஃபேன் காற்றை வெளியே தள்ளும்படி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் என்றால், வாடை குறைந்த, தண்ணீரில் கரையும் ‘வல்லேஹோ மெட்டல் கலர்’ வகை போதும். மெருகு ஒரு படி குறைவு, அவ்வளவுதான்.

அடுத்த சறுக்கல், மாஸ்க்கிங் டேப்பை உரிக்கும்போது வெள்ளியும் கூடவே உரிந்து வந்தது. கிட்டை விம் போட்டுக் கழுவாமல் ஒட்டியிருந்தேன். அச்சிலிருந்து எடுக்கும்போது படியும் எண்ணெயும், நம் கைரேகை எண்ணெயும் இருந்தால் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. கழுவ வேண்டும், அப்புறம் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. டேப்பையும் இரண்டு மூன்று தடவை ஜீன்ஸில் ஒட்டி ஒட்டி எடுத்து, பசையின் வேகத்தைக் குறைத்த பிறகுதான் விமானத்தில் ஒட்ட வேண்டும்.

அலுமினியம் எத்தனை கலர்?

ஒருவழியாக முழு விமானமும் ஒரே சீராக, எவர்சில்வர் தம்ளர் மாதிரி பளபளவென்று வந்தது. போட்டோ எடுத்து இன்ஸ்டாவில்கூடப் போட்டுவிட்டேன். அப்பாரு பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து சமையலறைக்குப் போனார். ஆத்தா திட்டத் திட்ட, அலுமினியச் சாமானாக எடுத்து வந்து திண்ணையில் வரிசையாக வைத்தார். புது மூடி ஒன்று, இட்லிக் குண்டான், பால் போசி, கரி பிடித்துத் தேய்த்துத் தேய்த்து வெளிறிப்போன பழைய சட்டி.

“எல்லாம் அலுமினியந்தான? எதாவது ரெண்டு ஒரே கலரா இருக்குதா, சொல்லு.”

இல்லை. ஒன்று நீலம் கலந்த வெள்ளை, ஒன்று சாம்பல், ஒன்று லேசான பழுப்பு. விமானமும் அப்படித்தான் என்றார். நூற்றுக்கணக்கான தகடுகள். ஒவ்வொன்றும் வேறு வேறு கனம், வேறு கலவை, உருட்டின திசை வேறு. அதில் ஒன்று போன வருடம் மாற்றினது, ஒன்று தினமும் பூட்ஸ் கால் படுவது.

இங்கே கொஞ்சம் கெமிஸ்ட்ரி. விமானத் தகடு சுத்தமான அலுமினியம் கிடையாது. அது மெத்தென்று இருக்கும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானியர், அலுமினியத்தோடு கொஞ்சம் தாமிரமும் மெக்னீசியமும் சேர்த்து டியூராலுமின் கண்டுபிடித்தார். உறுதி வந்தது, ஆனால் தாமிரத்தால் அரிப்பும் சேர்ந்து வந்தது. அதனால் அதன் இரண்டு பக்கமும் சுத்தமான அலுமினியத்தை மெல்லிய போர்வையாக அழுத்தி ஒட்டினார்கள். அந்தத் தகட்டின் பெயர்தான் ஆல்கிளாட்; பெயின்ட் கம்பெனி கடன் வாங்கிய பெயர். அரிப்பைத் தடுக்க வெளியிலேயே காவல் இருப்பதால் பெயின்ட் இல்லாமலும் பறக்கலாம். பெயின்ட்டுக்கும் எடை உண்டு. இரண்டாம் உலகப் போரின் பிற்பாதியில், 1943 கடைசி வாக்கிலிருந்து, அமெரிக்கர்கள் பெரும்பாலான விமானங்களுக்குப் பச்சை அடிப்பதையே நிறுத்தினார்கள். அதிலும் ஒரு வேடிக்கை: அவர்களுடைய புகழ்பெற்ற மஸ்டாங்குக்கு உடம்பு வெறும் உலோகம், இறக்கையோ காற்று வழுக்கிப் போகட்டும் என்று பட்டி பார்த்து வெள்ளி பெயின்ட் அடித்தது. மஸ்டாங் மாடலில் இறக்கையையும் உடம்பையும் ஒரே மாதிரி பளபளக்க வைத்தால், தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். செய்யப்போகும் விமானத்தின் பழைய போட்டோக்களை முதலில் தேடச் சொல்வது இதனால்தான்.

ஆக, மறுபடி டேப். தகடு தகடாக மறைத்து, லாக்கரில் ஒரு துளி கறுப்போ அடர் அலுமினியமோ கலந்து, தூரத்திலிருந்து பார்த்தால் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவுக்கு மாற்றி மாற்றி அடித்தேன். சில தகடுகளைப் பனியன் துணியால் ஒரே திசையில் தேய்த்தேன். இறக்கையில் ஒட்டிய ஃபாயில் துண்டுகள் இதில் ஜோராகச் சேர்ந்துகொண்டன. வால் பகுதி மட்டும் தனிக் கதை. மிக்-21-ல் இன்ஜினை வெளியே எடுக்க வேண்டுமென்றால் பின்னுடம்பையே கழற்றி இழுக்க வேண்டும். “அந்த ஜாயின்ட்ல கலர் மாறும். பொறத்தால போகப் போகச் சூட்டுல காஞ்ச கலர்” என்றார் அப்பாரு. புல்லட் சைலன்சர் வளைகிற இடத்தைப் பாருங்கள்: வைக்கோல் மஞ்சள், அப்புறம் கத்திரிப்பூ, அப்புறம் நீலம். அதே வரிசைதான். சக்கரத்துக்கு நடுவில் மட்டும் ரஷ்யப் பச்சை.

கடைசியில் எல்லாரும் செய்கிற தப்பு, மேலே வார்னிஷ் அடிப்பது. நான் அடிக்கவில்லை. அடித்தால் உலோகம் மறுபடி வெறும் பெயின்ட் ஆகிவிடும்.

அந்த நாட்களில் ஒருநாள், எப்போதாவது கேட்கிற மாதிரி, மேலே ஜெட் சத்தம். சூலூர் பக்கம்தான், இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமான பயணம். 2020-ல் 18-வது ஸ்குவாட்ரனை அங்கே தேஜஸ் விமானங்களோடு மறுபடி உருவாக்கினார்கள். 1971 டிசம்பர் 14-ல் ஸ்ரீநகரில் நேட் விமானத்தில் தனியாகப் போராடி மறைந்த, பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல்ஜித் சிங் செகோனின் ஸ்குவாட்ரன். தேஜஸின் மேல்தோல் பெரும்பாலும் கார்பன் இழைக் கலவை. பெயின்ட்டைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி வராது, கறுப்புதான் வரும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனிகூடப் பல பத்தாண்டுகளாக மெருகேற்றி வைத்திருந்த வெறும் உலோக விமானங்களை 2013-ல் கைவிட்டு, பெயின்ட்டுக்கு மாறிவிட்டது. கலவைத் தோலை எப்படி மெருகேற்றுவது?

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் முடித்தேன். அப்பாரு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, ரொம்ப நேரம் பார்த்தார். கட்டைவிரல் ஓடியது. எங்கேயும் நிற்கவில்லை.

“சரியா இருக்குது அம்முணி.”

எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் அடுத்துக் கேட்டதில் அது இன்னும் அடைத்தது.

“பச்சை பெயின்ட் வெச்சிருக்கறயா?”

1971 போர் சமயத்தில், அவருக்கு 21 வயது. ஊரே விளக்கணைத்து இருட்டாகக் கிடக்க, நிலா வெளிச்சத்தில் தகதகவென்று நிற்கிற விமானம் மேலிருந்து வருகிறவனுக்கு அடையாளம். பெயின்ட் அடிக்கச் சொல்லி உத்தரவு. “ராத்திரியோட ராத்திரியா ஆளுக்கொரு பிரஷ்ஷு. இருந்த பச்சையெல்லாம் அடிச்சோம். ஒரு விமானம் மாதர இன்னொண்ணு இருக்காது.” அந்தப் போர்க்கால போட்டோக்களைத் தேடிப் பார்த்தால் இது தெரியும், மிக்-21-களின் பச்சை ஒவ்வொன்றிலும் ஒரு விதமாக இருக்கிறது. அவர் மனதில் நிற்கிற விமானம் வெள்ளிதான். ஆனால் வெள்ளியாகக் கடைசியாகப் பார்த்த விமானம், அவரே பச்சை அடித்தது.

மூன்று மாத உழைப்பு. சத்தியமாகக் கோபம் வந்தது. “இன்னொரு கிட் வாங்கி அதுல அடிச்சுக்கலாங்க அப்பாரு” என்றேன். “அது வர்ற வரைக்கும் எனக்குக் கண்ணு தெரியணுமே” என்றார், சாதாரணமாக.

அக்ரிலிக் பச்சையைக் கிண்ணத்தில் ஊற்றினேன். தண்ணீரில் கரையும் பெயின்ட் என்பதால் அடியில் இருக்கும் லாக்கரை அது கரைக்காது, அந்த நிம்மதி. பிரஷ்ஷை அவரே வாங்கிக்கொண்டார். கை நடுங்கியது. ஒரு இடத்தில் கெட்டியாக, ஒரு இடத்தில் வெள்ளி தெரிய, திட்டுத் திட்டாக. போட்டோக்களில் பார்த்த அதே பச்சை. பூட்ஸ் கால் படும் இடத்திலும் இறக்கை முனையிலும், ஈரம் காய்வதற்குள் பனியன் துணியால் துடைத்துவிட்டார். உள்ளே இருந்து உலோகம் எட்டிப் பார்த்தது. வால் முனைக்கு வந்ததும் நிறுத்தினார். “இங்க அடிச்சாக் கருகிப் போயிரும்.”

திருப்பிப் பிடித்து, “அடிப்பக்கம்?” என்று கேட்டேன்.

“அதை எதுக்கு? மேல இருந்து வர்றவனுக்குத் தெரியாம இருந்தாப் போதும். அது வெள்ளியாவே கெடக்கட்டும்.”